அருவி குடித்து வளர்ந்த நகரம்

பினாங்கு தைப்பூசம் என்றதும் தண்ணீர்மலை முருகன்தான் நினைவுக்கு வருவான். ஜார்ஜ்டவுன் நகரத்தின் தாகம் தீர்த்ததும் அந்த மலைப்பக்கத்து அருவிதான்!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவி நீரைக் கால்வாய் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். துறைமுகத்துக் கப்பல்களும் அதை நிரப்பிக்கொண்டு புறப்பட்டன. 1892-இல் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் திட்டப்படி அருவியருகே நீர்த்தேக்கம் எழுந்தது. அதற்காக, தமிழ்த் தொழிலாளர்கள் அருவியோரம் வணங்கிவந்த சிறு கோயில் இடம் மாறவேண்டி வந்தது. இன்று பினாங்குக்குப் பெரும்பகுதி நீர் தருவது மூடா ஆறு.

இந்த ஊர்க் கட்டடங்களுக்கும் தண்ணீர் கணக்கு உண்டு. பழைய கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம். மழை நேரே கல் தளத்தில் விழுந்து வடியும். சுவர்களோ செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் உலர்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும்.

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. பழைய வீடு வைத்திருப்பவர்களே, தயவுசெய்து சுண்ணாம்பே பூசுங்கள்.