பெயர் எழுதாத சீட்டுகள்
(மழைக்கால நிவாரணத் தன்னார்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 நவம்பர் 30 இரவை நாம் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. மறுநாள் நம் பிள்ளைகள் உணவுப் பொட்டலங்களோடு தெருத்தெருவாகப் போனார்கள். பாராட்டு குவிந்தது, போட்டோக்களும் குவிந்தன.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. ஞாயிறு பகலில், இன்சுலின் தீர்ந்துவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல்பதிவு வந்தது. பலர் கேட்டோம். வேறு யாராவது போயிருப்பார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். திங்கள் மாலை வரை யாரும் போகவில்லை. அந்த மூதாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்தோம். முதல் கூட்டம் வீண் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பெரியவர்களே பேசினோம், இளைஞர்கள் தலையாட்டினார்கள், சாப்பாட்டோடு கலைந்தோம்.

மறுமுறை மதரஸா கரும்பலகையில் ஒரு படகு வரைந்தோம். பாயைத் தள்ளும் காற்று என்றால் எது உதவியது. நங்கூரம் என்றால் எது இழுத்துப் பிடித்தது. நீருக்கடியில் பாறை என்றால் இனி எது மோதக்கூடும். மென்பொருள் நிறுவனங்களில் இப்படி வரைந்து பேசுவது பழக்கமாம். அங்கே வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் கொண்டுவந்த யோசனை. ஆளுக்கு மூன்று சீட்டு, பெயர் எழுத வேண்டாம். மூத்தவர்கள் கடைசியில்தான் பேசவேண்டும். இந்த நிபந்தனைதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

நங்கூரத்தின் பக்கம் பாதிச் சீட்டுகளில் வாட்ஸ்அப் குழுதான். ஒன்றில் மட்டும், "அந்தக் குரல்பதிவை நான் கேட்டேன், போகவில்லை, இன்றுவரை தூக்கமில்லை" என்று இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. யார் எழுதியது என்றும் கேட்கவில்லை.

உஹதுப் போரில் சிலர் காவல் இடத்தை விட்டு இறங்கியதால் நேர்ந்த இழப்பை அறிவோம். அதன் பின் அருளப்பட்ட ஆல இம்ரான் 159ஆம் வசனம், அவர்களை மன்னிக்கவும் காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்கிறது. தவறியவர்களை மஷூராவிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. 1970களில் அமெரிக்க ராணுவப் பயிற்சியில் வழக்கமான மீளாய்வும் ஆளைத் தேடுவதில்லை. நடக்க வேண்டியது என்ன, நடந்தது என்ன, ஏன் மாறியது, இனி என்ன செய்வது என்ற நான்கு கேள்விகள்தான்.

மூன்றாவது கேள்வியில்தான் எங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. சோம்பேறித்தனம் காரணமில்லை. குழுவில் எல்லோரும் இருந்தோம், கேட்டுப் பொறுப்பெடுக்கும் வேலை மட்டும் யாருக்கும் தரப்படவில்லை. இப்போது இரண்டு சகோதரிகள் வீட்டிலிருந்தே போன் பார்க்கிறார்கள். கோரிக்கை, போகிறவர் பெயர், திரும்பிய நேரம் மூன்றும் நோட்டில் ஏறவேண்டும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மறுபடி போன் போகும். மருந்துக் கோரிக்கைகள் சிவப்பு மையில்.

பாறை என்று எழுதிய ஒரு சீட்டையும் சொல்லவேண்டும். நகரத் தெருக்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர் பக்கக் கிராமங்களில் புகுந்தபோது, அனுப்ப நம்மிடம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. இனி சாத்தனூர், வீடூர் அணைகளின் நிலவரத்தைப் பார்க்கவே ஒருவர். ஒரு வண்டி, நகரத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டாலும், தெற்கே போகக் காத்திருக்கும். இதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

அடுத்த மழைக்குள் பழகிக்கொள்ள, போன மாத ரத்ததான முகாமை இன்று அதே படகில் ஏற்றிப் பார்க்கப் போகிறோம். சீட்டு வருகிறது, ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.