ஆலையை மூடச் சொல்லவில்லை. தூசை அடைக்கச் சொல்கிறோம்!



கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரை நெல்லாலை என்பது வெறும் இயந்திரமா? அன்று! போடியாரின் வரவு அது. மூட்டை சுமப்பவனின் கூலி அது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வயல் பெருகிற்று, ஆலை பெருகிற்று, கூடவே தூசும் பெருகிற்று. அறுவடைக் காலத்தில் ஆலையோரத்துக் கொடியில் காயும் துணியைக் கேளுங்கள், அது சொல்லும். ஆலைக்காரர் நமக்கு மாமன். இருமும் பிள்ளை நமக்கு மருமகன். யாரை விட்டு யாரைப் பிடிப்பது?

இருவரையும் காக்க வழி உண்டு. 'சைக்ளோன்' என்று அதற்குப் பெயர். 1978 நவம்பரில் இக்கரையைச் சூறையாடிய புயலை மறவாத நமக்கு அப்பெயர் இனிக்காதுதான்! ஆயினும் இது தகரக் கூம்புக்குள் அடக்கப்பட்ட சுழல். தூசு நிறைந்த காற்று மேற்பக்கத்தில் ஓரமாக நுழைந்து சுழல்கிறது. கனத்த தூசு சுவரில் மோதிக் கீழே இறங்குகிறது. காற்று நடுக்குழாய் வழியே மேலேறி வெளியேறுகிறது. கூம்புக்குள் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. காற்றைத் தள்ள ஒரு விசிறி போதும். 1885இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கருவி இது. அதற்கு ஏழாண்டு முன்னர், 1878இல், அந்நாட்டின் மினியாபொலிஸ் நகரில் மாவுத்தூசு வெடித்து 18 பேர் மாண்டனர். தூசு நெஞ்சை மட்டுமா அடைக்கும்? ஆலையையே தகர்க்கும்!

100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அவ்வுமியில் சிலிக்கா மிகுதி. அது தகரத்தையே அரித்துவிடும். ஆகவே கூம்பை மாட்டியதோடு கடமை முடிந்ததென்று எண்ணற்க. அரித்த ஓட்டையை அடைக்க வேண்டும். கீழ்வாய் இறுக மூடியிருக்க வேண்டும். அங்கே காற்றுக் கசிந்தால் விழுந்த தூசு மீண்டும் மேலேறும். பெயருக்கு ஒரு கூம்பைக் கூரைமேல் நிறுத்தி வைப்பது கண்துடைப்பே!

இன்னொன்றையும் மறைக்க மாட்டோம். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைந்த நுண்தூசு பெரும்பாலும் இதற்குச் சிக்குவதில்லை. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வதோ அதுவே. குடியிருப்பு நெருங்கிய இடத்தில் கூம்புக்குப் பின்னால் துணிப்பை வடிகட்டியும் வேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், ஒரு போகத்து இலாபத்தையா கேட்கிறோம்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் நெல்லாலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அவ்வுரிமத்துக்கு நிபந்தனை விதிக்கலாம். அதற்கும் அசையாவிடின், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம்.

ஆனால் நீதிமன்றம் கடைசிப்படி. முதலில் ஆலைக்காரர் வாசலுக்கே போவோம். எந்நாள், எந்நேரம், எப்பக்கம் தூசு வீசியது என்று ஒவ்வொரு வீட்டாரும் இன்றிரவு முதல் குறித்து வையுங்கள். அக்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போவோம்.