பன்னீர்ச் செம்பும் பத்தரின் கைவண்ணமும்
(திருவிழாவை முன்னிட்டு ஆற்றப்பெற்ற உரை)



திருக்கோயில் வாயிலில் அடியெடுத்து வைக்கும் அன்பரை முதற்கண் எதிர்கொள்வது பன்னீர்த் துளியே ஆகும். சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், கற்கண்டுத் தட்டு ஆகியவற்றின் நடுவே நெடிய கழுத்துடன் நிமிர்ந்து நிற்கும் வெள்ளிப் பன்னீர்ச் செம்பைக் காணாதவர் இலர். அதனைக் கையில் எடுத்துக் கூர்ந்து நோக்கியவரோ மிகச் சிலர்.

பனிநீர் என்னும் சொல்லே பன்னீர் என மருவிற்று. அதனைத் தெளிக்கும் செம்பு, பாரசீகத்தாரும் மொகலாயரும் போற்றிய கலம்; குலாப்பாஷ் என்பது அதன் பாரசீகப் பெயர். தமிழரின் திருமணப் பந்தலிலும் திருக்கோயிலிலும் இடம்பெற்ற பின்னர், அது வெளியிலிருந்து வந்த பொருள் என்ற நினைவே எவருக்கும் இல்லை. கோலாலம்பூரில் அதன் உறவு இன்னும் விரிந்தது. மஸ்ஜித் இந்தியா சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்களால் எழுப்பப்பெற்றது. அச்சுற்றுவட்டாரக் கடைகளில் புடவையும் நகையும் பூசைப் பொருளும் அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. ஒரே அடுக்கில் உள்ள செம்புகளில் ஒன்று கோயில் காணிக்கையாகும். மற்றொன்று தமிழ் முஸ்லிம் இல்லத் திருமணத்துக்குச் செல்லும். மலாய்க்காரர் திருமணங்களிலும் மெரெஞ்சிஸ் என்னும் சடங்கில் மணமக்கள் மீது நறுநீர் தெளிக்கப்படுவதை அன்பர்கள் அறிவர்.

இக்கலம் கையால் உருவாகும் முறை அறியத்தக்கது. தூய வெள்ளி மிக மென்மையானது. ஆதலின் நூற்றுக்கு ஏழரைப் பங்கு செம்பு சேர்த்து, 92.5 விழுக்காட்டு வெள்ளியாகப் பயன்படுத்துவது உலக வழக்கு. ஏறக்குறைய 890 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முழுதும் உருகும் அவ்வெள்ளியைப் பத்தர் பாளமாக வார்த்துத் தகடாக்கி, வட்டமாக வெட்டிக்கொள்கிறார். அவ்வட்டத் தகட்டை இரும்புக் கட்டையின்மீது சாய்த்துப் பிடித்து, வெளிச்சுற்றிலிருந்து சிறிது சிறிதாகத் தட்டிக் குழிவாக்குகிறார். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். இறுகிய பின்னும் தட்டினால் விளிம்பு பிளந்துவிடும். எனவே, மங்கிய செந்நிறம் தோன்றும் வரை நெருப்பில் காய்ச்சி இளக்கி, மீண்டும் தட்ட வேண்டும். ஓர் உருண்டை வயிறு திரள்வதற்குள் இவ்வாறு பலமுறை நெருப்புக்கும் சுத்தியலுக்கும் இடையே தகடு சென்று வரும். நிறத்தைக் கண்டே வெப்பத்தை மதிப்பிடுதல் பத்தரின் கண்ணுக்குரிய கல்வி.

அடுத்து வருவது பூவேலை. உள்ளீடற்ற செம்பின் மீது உளியை வைத்து அடித்தால் சுவர் உள்ளே அமுங்கிவிடும் அன்றோ? அதனால், அரக்கை உருக்கி உள்ளே ஊற்றி இறுகவிடுகிறார். அரக்கு உள்ளிருந்து தாங்க, வெளியே சிற்றுளிகளால் கொடியும் இதழும் மயிலும் எழுகின்றன. வேலை முடிந்தபின் வெப்பம் காட்டி அரக்கை உருக்கி எடுத்துவிடுவர். நெடுங்கழுத்து தனித் தகட்டைச் சுருட்டிச் செய்யப்படுவது; வெங்காரம் இட்டு, ஊதுகுழலால் தீயைக் குவித்து, உடலோடு பற்றவைக்கப்படுவது. பற்றவைக்கும் பொடி உருகவேண்டும், பாத்திரம் உருகக்கூடாது. இரண்டுக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடு மிகக் குறைவு. பல நாள் உழைப்பு ஒரு நொடிக் கவனக்குறைவால் குலைந்துபோகும் இடம் இதுவே. இறுதியில் திருகு மறையுள்ள தலைப்பகுதியும், அதில் ஊசித் துளைகளும் அமைகின்றன.

பெரிய அளவிலும் இக்கலை வியப்புக்குரியது. செய்ப்பூர் மகாராசா இரண்டாம் சவாய் மாதோசிங், 1902இல் இலண்டனுக்கு முடிசூட்டு விழாவிற்குச் சென்றபோது கங்கை நீரைக் கொண்டுசென்ற வெள்ளிக் குடங்கள் ஒவ்வொன்றும் 345 கிலோ எடையுள்ளவை. வெள்ளி நாணயங்களை உருக்கி, பற்றவைப்பே இன்றி அடித்துச் செய்யப்பட்டவை அவை. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் தேவஸ்தானத்திலிருந்து தைப்பூசத்தில் பத்துமலைக்கு முருகப்பெருமான் எழுந்தருளும் வெள்ளி இரதம், 1983இல் 350 கிலோ வெள்ளி கொண்டு அமைந்தது. அவற்றின் முன் பன்னீர்ச் செம்பு சிறிதே. ஆயினும் தகடும் தீயும் உளியும் ஒன்றே.

இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பவை பொறியில் சுழற்றியும் அச்சில் அழுத்தியும் ஆக்கப்பட்டவை. அவற்றை இகழ்வதற்கில்லை; எளியோரும் காணிக்கை செலுத்த அவை வழிவகுத்தன. ஆனால் மெல்லிய தகடாதலின் எளிதில் நசுங்கும். ஜெர்மன் சில்வர் என விற்கப்படும் பொருளில் வெள்ளி அறவே இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அறியாது அதனை வெள்ளியென வாங்கிக் கோயிலுக்கு அளிப்போரும் உளர்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று. 1980 ஜனவரியில் அவுன்சுக்கு ஏறக்குறைய 50 அமெரிக்க டாலரைத் தொட்ட வெள்ளி விலை, 2025 அக்டோபரில் அந்த உச்சத்தையும் கடந்தது. விலை ஏறும்போதெல்லாம் பாட்டியார் காலத்துச் செம்புகள் தராசில் ஏறுகின்றன. தராசு எடையையும் மாற்றையும் மட்டுமே அறியும். அன்று கொடுத்த செய்கூலிக்கும், அடுப்பின் முன் அமர்ந்தவரின் கைக்கும் அங்கே மதிப்பில்லை. பாத்திரம் உருக்குகலத்தில் வீழ்ந்த பின், அதே வேலைப்பாட்டை மீண்டும் கேட்டால் செய்து தரும் பத்தரைத் தேடி அலைய வேண்டியுள்ளது. வேலை இல்லாத பட்டறையில் பத்தரின் மைந்தர் உளி பிடிக்கக் கற்பதில்லை.

கழுத்து விட்டுப்போன செம்பைப் பெரும்பாலும் மீண்டும் பற்றவைக்கலாம். நசுங்கிய வயிற்றை உள்ளிருந்து தட்டி எழுப்பலாம். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குமுன் ஒரு பத்தரிடம் காட்டிக் கேட்பது தகும். புதிதாகச் செய்விப்போர் மாற்று, எடை, செய்கூலி, சேதாரம் ஆகிய நான்கையும் எழுத்தில் பெறுதல் நன்று. கோயிலுக்கு அளிப்பதாயின், எடையும் நிழற்படமும் நிர்வாகத்தின் பதிவேட்டில் ஏறுமாறு கேட்டுக்கொள்ளலாம். பிற்காலத்தில் எது கைவேலை என்பதை அறிய அதுவே சான்றாகும்.

காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுப்பது இயல்பு. கரடான பொடியிட்டுத் தேய்த்தால் உளிவேலையின் நுண்கோடுகள் மழுங்கிப்போகும். மெல்லிய துணியில் சலித்த திருநீறு கொண்டு துடைத்தலே போதும். விழா முடிந்த இரவே எஞ்சிய பன்னீரை வடித்து, தலையைத் திருகிக் கழற்றி, துளைகளில் நல்ல நீர் செலுத்தி, செம்பைக் கவிழ்த்து நிழலில் உலர்த்த வேண்டும்.