"பொசிற்றிவ்" என்றால் நல்லதா?



எனக்குத் தந்த ஐந்து நிமிடத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அந்தச் சொல் "பொசிற்றிவ்".

வீட்டில் "பொசிற்றிவா யோசி பிள்ளை" என்றால், நம்பிக்கையோடு இரு என்று பொருள். ஆய்வுகூட அறிக்கையில் அந்தப் பொருள் இல்லை. தேடியது இருக்கிறது என்பது மட்டுமே அங்கே அதன் பொருள். அது நல்லதா கெட்டதா என்பது, எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. 2020இல் கொவிட் பரிசோதனையில் "நெகற்றிவ்" என்று வந்தபோதுதானே நாம் நிம்மதியாக மூச்சுவிட்டோம்!

மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த ஒருவரின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வெட்டிய ஓரம் "பொசிற்றிவ்" என்றால், அந்த ஓரத்தில் புற்றுநோய்க் கலங்கள் உண்டு. மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அதே அறிக்கையில் ஈஸ்திரஜன் வாங்கி "பொசிற்றிவ்" என்றும் இருக்கலாம். அப்படியென்றால் தமொக்சிபென் போன்ற குளிசைகள் பயன் தரும் வாய்ப்பு உண்டு. சொல் ஒன்று, செய்தி இரண்டு.

இரத்த வகையில் ஆர்.எச். "நெகற்றிவ்" என்பது நோயுமல்ல, குறையுமல்ல. செங்குருதிக் கலத்தில் "டி" என்ற புரதம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அப்படியான தாய்க்கு "பொசிற்றிவ்" குழந்தை பிறந்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஓர் ஊசி போடவேண்டும். அது அடுத்து வரும் குழந்தையைக் காப்பதற்கு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? இந்தப் பாடசாலை எமக்கு ஆங்கிலம் தந்தது. அதனால் உறவினர்கள் அறிக்கையை எம்மிடம்தான் கொண்டுவருகிறார்கள். கனடாவில் இருப்பவருக்கும் வட்ஸ்அப்பில் படம் வரும்: "பொசிற்றிவ் எண்டு போட்டிருக்கு, நல்லம்தானே பிள்ளை?" அந்த அம்மா அடுத்த கிளினிக்குக்குப் போவதும் போகாமல் விடுவதும் எமது பதிலில் தங்கியிருக்கிறது.

ஆகவே சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். எதைத் தேடினார்கள், அது இருக்கிறதா இல்லையா என்று தமிழில் சொல்லுங்கள். இனி என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே அதை விளங்கும் தமிழில் சொல்லி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.