அந்த 25 மதிப்பெண் யார் கையில்?



இடஒதுக்கீடு நம்மைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. உள்ளே வந்த பிறகு மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

செமஸ்டர் விடைத்தாளில் டம்மி நம்பர் இருக்கிறது. திருத்துகிறவருக்கு நம் பெயரும் ஊரும் தெரியாது. இன்டர்னல், செய்முறை, வைவா அப்படியல்ல. அங்கே மதிப்பெண் போடுகிறவருக்கு நாம் யார் என்று நன்றாகவே தெரியும். பல கல்லூரிகளில் இன்டர்னல் 25 மதிப்பெண். பாஸ், ஃபெயிலைத் தீர்மானிக்க அது போதும்.

இது வெறும் சந்தேகம் அல்ல. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் மீதான பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. செய்முறையிலும் வைவாவிலும் நியாயமாக மதிப்பிடப்படவில்லை என்று அந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். ஜேஎன்யுவில் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுக்கேற்ப மாறுவதைக் கண்டது. நேர்காணலின் 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கச் சொன்னது. யுஜிசியோ 2016 விதிகளில் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, எம்ஃபில், பிஎச்டி சேர்க்கையை நேர்காணலிடம் ஒப்படைத்தது. மாணவர்கள் போராடினார்கள். 2018இல் அது 70க்கு 30 என்று மாறியது.

அப்படியானால் இன்டர்னலே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை மட்டும் வைத்து முதல் தலைமுறைப் பட்டதாரியை அளப்பதும் அநியாயம்தான். தொடர் மதிப்பீடு அவருக்குத் தேவை. ஆனால் அதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். இன்று நடப்பது என்ன? நாக் மதிப்பீடு வருகிறது என்றால் 'கற்றல் விளைவு' அட்டவணைகள் அவசரமாக நிரப்பப்படுகின்றன. மாணவர் என்ன கற்றார் என்பது அந்தக் கோப்பில் மட்டும் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை இவை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே எழுத்தில் தர வேண்டும். முதல் தேர்வு மதிப்பெண் இல்லாத தேர்வாக இருக்கட்டும். யாருக்கு எங்கே உதவி தேவை என்பது அதில் தெரியும். வைவாவில் இருவர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், பதிவும் இருக்க வேண்டும். கட்டுரையைத் திருத்திக் குறிப்புடன் திருப்பித் தர வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதது பாட அறிவின் குறையாகக் கணக்கிடப்படக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்டர்னலுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை, மாணவர் பெயர் இல்லாமல், சமூகப் பிரிவுவாரியாகத் துறைதோறும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாகுபாடு இல்லை என்று சொல்கிற நிர்வாகத்துக்கு இதில் என்ன தயக்கம்?

தகுதி, தகுதி என்கிறார்கள். நம் தகுதியை அளக்கட்டும், தோழர்களே. அளக்கிற படி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற உரிமை நமக்கும் உண்டு. அடுத்த பருவத்தின் முதல் வகுப்பிலேயே அதைக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.