கப்பலில் எல்லோருக்கும் இரண்டு வேலை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னை ஏன் பேசச் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். போன மாதம் நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கடன் மனு வந்தது. மகளைச் சொகுசுக் கப்பல் வேலைக்கு அனுப்பணும், ஏஜென்ட்டுக்குக் கட்ட 3 லட்சம் வேணும்னு கேட்டிருந்தாங்க. "கப்பல்ல பொம்பளப் பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நான் ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தவள். தெரிஞ்சதைச் சொல்றேன்.

சொகுசுக் கப்பல்னா மிதக்கிற ஊர். எல்லோருக்கும் மேலே கேப்டன். கப்பலை ஓட்டுவதும் உயிர்காக்கும் படகுகளைப் பராமரிப்பதும் டெக் பிரிவு. எஞ்சின், கரண்ட், தண்ணீர் எல்லாம் சீஃப் எஞ்சினியர் பொறுப்பு. மூன்றாவது ஹோட்டல் பிரிவு. சமையல், பரிமாறுதல், துணி வெளுப்பு, அறை சுத்தம். ஆள் கணக்கில் இதுதான் பெரிசு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அதிகம் போவதும் இதுக்குத்தான்.

நான் பார்த்தது கேபின் வேலை. தினம் 16 அறை, காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. துண்டை யானை மாதிரி, குரங்கு மாதிரி மடிச்சுக் கட்டில் மேல வைக்கணும். (அதை இப்பவும் என் பேரன் கேட்டு அழுவான்.) ஒரு நாளில் 10 மணி நேரம் ஓய்வு தரணும்னு விதி இருக்கு. ஆனா அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாது. முதல் மாசம் இடுப்பு விட்டுப்போச்சு.

இது முதல் வேலை. இரண்டாவது வேலை ஒரு சின்ன அட்டையில் இருக்கும். ஆபத்து வந்தா நீ எங்கே நிக்கணும், என்ன செய்யணும்னு அதுல போட்டிருக்கும். பாட்டுப் பாடுறவர், முடி வெட்டுறவர் உட்பட ஒருத்தர் பாக்கி இல்லை. ஏழு சின்ன ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டா நான் என் மாடிப்படிக்கு ஓடி, பயணிகளுக்கு வழி காட்டணும்.

ஒரு ராத்திரி லாண்டரியில் புகை வந்து அந்த ஒலி கேட்டது. படியில் நின்னேன். கால் நடுங்குது, ஆனா வாய் மட்டும் "இந்தப் பக்கம், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என் கையை விடவே இல்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாச்சு.

எல்லாக் கப்பலுக்கும் அப்படிச் சரியாகாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தாங்க. அன்னைக்குச் சாயந்திரம் ஏறிய பயணிகளுக்கு ஆபத்துப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. பயணிகள் எல்லோரும் இறங்கி முடிக்கும் முன்பே கேப்டன் இறங்கிப் போய், பிறகு ஜெயிலுக்குப் போனார். கடைசியாகக் கிடைத்த உடல், 2014இல், மும்பைக்கார வெயிட்டர் ஒருத்தருடையது. கடைசி வரை பயணிகளுக்கு உதவிக்கொண்டிருந்தார் என்று சொன்னாங்க. அதனால் இந்த வேலையைத் தட்டு கழுவுற வேலைன்னு யாரும் லேசாப் பேசாதீங்க.

இப்போ அந்த 3 லட்சம். நானும் முதல் தடவை ஏஜென்ட்டுக்குக் கட்டினேன். அம்மா சங்கிலி அடகுக்குப் போச்சு. கேபின் வேலைன்னு சொல்லி அனுப்பினான். அங்கே போனா பாத்திரம் கழுவுற இடம், சம்பளமும் குறைவு. வேற கம்பெனி மாறின பிறகுதான் கேபின் கிடைச்சது. எங்கே போய்க் கேக்கறது?

வேலை வாங்கிக் கொடுக்க மாலுமிகிட்ட காசு வாங்கக் கூடாது என்பது 2006ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் அதை ஏற்றது. மருத்துவச் சான்று, சி.டி.சி. புத்தகம், பாஸ்போர்ட், இந்த மூணு செலவு மட்டும்தான் நம்முடையது. விசாச் செலவுகூடக் கம்பெனியுடையது. ஆள் எடுக்கிற ஏஜென்ட்டுக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கணும். அந்தப் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கு.

தீயணைப்பு, முதலுதவி, தண்ணீரில் உயிர் காத்தல் சேர்ந்த அடிப்படைப் பயிற்சிக்கு அந்தப் பிள்ளைக்குக் கடன் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்தப் பிள்ளை மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கு. கண்ணு, விழா முடிஞ்சதும் ஏஜென்ட் கொடுத்த பேப்பரை எடுத்துக்கிட்டு என்கிட்ட வா. உரிம எண் இருக்கான்னு சேர்ந்து பார்ப்போம்.