கடைவீதி மறுபடி உயிர் பெற்றபோது

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வங்கிக் கடன், தணிக்கை, திருப்பிச் செலுத்துதல் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அதையெல்லாம் மதியத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். ஏன் என்றால், குழுக்களுக்குப் போகும்போது ஒரே கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள். "ரோடு அகலமாகுது, புதுக் கட்டடம் வருது, ஊர் பெருசாகுது. இது நமக்கு நல்லதா, கெட்டதா?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எங்களால் முடியாது. அதற்குப் பதிலாக ஒரு ஊரின் கதையைச் சொல்கிறோம். அமெரிக்காவில் இருக்கிற ஊர். நாங்கள் போய்ப் பார்த்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான். அமெரிக்கா கதை நமக்கு எதுக்கு என்று சலிக்காதீர்கள். நம்ம கணக்குப் புத்தகத்தில் வருகிற வாடகை, கடன், வட்டி எல்லாம் இதிலும் வரும்.

ஊரின் பெயர் ஆஷ்வில். வடக்கு கரோலினா மாநிலத்தில் புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே, இரண்டாயிரம் அடிக்குச் சற்று மேலான உயரத்தில் இருக்கிறது. பிரெஞ்ச் பிராட் என்ற ஆறு ஓடுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் 94,000. 1880ல் ரயில் வந்த பிறகு, குளிர்ச்சிக்காகவும் உடம்பு தேறவும் பணக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1920களில் நிலத்தின் விலை எகிறியது. நகராட்சி கடன் வாங்கி வாங்கிக் கட்டடம் கட்டியது.

1930 நவம்பர் 20ஆம் தேதி அங்கே பெரிய வங்கி மூடப்பட்டது. நகராட்சிப் பணமும் அதோடு போனது. அந்தக் கடனை நகராட்சி எத்தனை வருஷம் அடைத்தது தெரியுமா? 1976 வரைக்கும்! தாத்தா வாங்கின கடனைப் பேரன் கட்டினான். கடைசியில் கடன் பத்திரங்களை ஊர் கூடி எரித்தார்கள். நம்ம குழுவில் கடைசித் தவணை கட்டினவுடன் எப்படி மூச்சு விடுவோம்? அதை ஒரு ஊரே விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. கையில் காசு இல்லாததால் அந்த ஊர்க்காரர்களால் பழைய கட்டடங்களை இடித்துப் புதுசு கட்ட முடியவில்லை. மற்ற ஊர்கள் எல்லாம் இடித்துத் தள்ளியபோது இவர்களுடைய கடைவீதி அப்படியே நின்றது. ஆனால் நின்றதே தவிர, ஆள் இல்லை. 1973ல் ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகம் வந்ததும் பெரிய கடைகள் அங்கே கிளம்பிப் போய்விட்டன. நடுக் கடைவீதியில் கடைக்குக் கடை ஷட்டர் இறங்கியது. சாயந்திரமானால் நடமாட்டமே கிடையாது.

அப்போது ஒரு திட்டம் வந்தது. நடு ஊரில் 11 கட்டடத் தொகுதிகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு வணிக வளாகம் கட்டலாம் என்றார்கள். கேட்க நல்லாத்தானே இருக்கு? பாழாகக் கிடக்கிற இடத்தில் புதுக் கட்டடம், வேலை வாய்ப்பு. ஆனால் எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். துணியைத் துணியோடு முடிந்து, இடிக்கப்போகிற பகுதி முழுவதையும் சுற்றிக் கட்டினார்கள். வரைபடத்தில் ஒரு கட்டமாகத் தெரிந்தது, துணியைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தபோதுதான் எவ்வளவு பெரிய இடம் என்று ஜனங்களுக்குப் புரிந்தது. 1981 நவம்பரில் அந்தத் திட்டத்துக்குக் கடன் வாங்கலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றே பெரும்பாலானவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அரை நூற்றாண்டு கடன் கட்டின ஊர் ஆயிற்றே, சும்மாவா போடுவார்கள்!

பேச்சும் படமும் புரிய வைக்காததை ஒரு துணிக் கயிறு புரிய வைத்தது. எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

திட்டத்தைத் தடுத்தாச்சு. தடுத்தால் மட்டும் கடை திறந்துவிடுமா? 1982ல், யாருமே முதல் போடப் பயந்த அந்தத் தெருவில், ஹங்கேரி நாட்டில் பிறந்த எமெக் பிராட்ஸ் என்ற பெண் ஒரு புத்தகக்கடை ஆரம்பித்தார். மாலாப்ராப்ஸ் என்று பெயர். கூடவே காப்பி. ஆள் வந்து உட்கார்ந்து பேச ஒரு இடம் ஆனது. பக்கத்துத் தெருக்களிலும் மெல்ல மெல்ல சாப்பாட்டுக் கடை, கைவினைக் கடை என்று வந்தன. அந்தப் புத்தகக்கடை 1997ல் பெரிய இடத்துக்கு மாறியது. இன்றைக்கும் நடக்கிறது.

இன்னொருவர் ஜூலியன் பிரைஸ். காப்பீட்டுத் தொழில் செய்த பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தன் பரம்பரைச் சொத்திலிருந்து ஒன்றரைக் கோடி டாலர் போட்டு 1990 வாக்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். காலியாகக் கிடந்த கட்டடங்களை வாங்கிச் சீர் செய்து, கீழே கடையும் மேலே வீடுமாக மாற்றினார்கள். வங்கி கடன் கொடுக்க மறுத்த சின்ன வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். கடன் கொடுத்ததோடு விடவில்லை, கணக்கு எழுதுவது, விலை வைப்பது எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னார்கள். சுழல்நிதியும் பயிற்சியும் சேர்ந்தே வரணும் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அதேதான். அவர் முக்கியமாக நினைத்தது என்னவென்றால், கடைவீதியில் ஆள் குடியிருக்கணும். மாடியில் விளக்கு எரிந்தால் தெருவில் ராத்திரி நடக்கப் பயம் இருக்காது. பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாக ஆஷ்வில் கடைவீதி உயிர் பெற்றது. மலையைப் பார்க்க வருகிறவர்கள் ஊருக்குள்ளும் வந்து தங்கினார்கள். பாட்டு, ஓவியம், சாப்பாடு என்று பெயர் பரவியது. கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!

கூட்டம் வந்ததும் விலை ஏறியது. கடை வாடகை ஏறியது, வீட்டு வாடகை அதைவிட ஏறியது. தங்கும் விடுதிகள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பின. குடியிருப்புக்கு விட்டுக்கொண்டிருந்த வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிக லாபம் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். விடுதியில் படுக்கை மாற்றுகிறவர், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், கடையில் நிற்கிற பெண், இவர்களால் வேலை செய்கிற தெருவில் குடியிருக்க முடியவில்லை. நகர மன்றம் சும்மா இருக்கவில்லை. குடியிருப்புப் பகுதிகளில் முழு வீட்டையும் நாள் வாடகைக்கு விடக் கூடாது என்றது. 2019ல் புது விடுதிகளுக்கு அனுமதி தருவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. ஆனால் அந்த வரிக் கணக்கைக் கேளுங்கள். விடுதி அறைக்கு வசூலிக்கிற தனி வரியில் முக்கால் பங்கை இன்னும் ஆட்களை வரவழைக்கும் விளம்பரத்துக்கே செலவழிக்கணும் என்று மாநிலச் சட்டம் சொன்னது. 2022ல் அதை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். வந்த கூட்டத்தால் வாடகை ஏறுது, அந்தக் கூட்டம் கட்டுகிற வரி இன்னும் கூட்டத்தைக் கூப்பிடப் போகுது. குழுவில் ஒரு அம்மா இப்படிக் கணக்கு எழுதினால் நாம் விடுவோமா?

மலைக்கு நடுவே இருப்பதில் இன்னொரு பாடும் உண்டு. 2024 செப்டம்பர் 27ஆம் தேதி ஹெலின் புயல் மழை அந்த மலைகளில் கொட்டியது. மலையில் விழுந்த தண்ணீர் எல்லாம் ஆற்றுக்குத்தானே இறங்கணும்? 1916ல் வந்த பெருவெள்ளத்தையும் மிஞ்சியது. ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் கைவினைக் கலைஞர்கள் பட்டறை வைத்திருந்த பகுதி பெரும்பாலும் அழிந்தது. நடுக் கடைவீதி மேட்டில் இருப்பதால் அதற்குள் ஆற்று வெள்ளம் ஏறவில்லை. ஆனால் அணையிலிருந்து வரும் பெரிய குழாய்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. குழாயில் குடிக்கிற மாதிரி தண்ணீர் மறுபடி வந்தது நவம்பர் 18ஆம் தேதி. ஏழு வாரத்துக்கு மேல். இலைகள் நிறம் மாறுகிற அக்டோபர்தான் அங்கே வியாபாரம் கொழிக்கிற மாதம். அந்த மாதம் முழுக்க குழாயில் குடிக்கிற தண்ணீர் வராத ஹோட்டலில் யாருக்கு வேலை இருக்கும்? முதலாளிக்குக் காப்பீடாவது இருக்கலாம். வாராவாரம் கூலி வாங்கி வாடகை கட்டுகிறவர்களின் பாடு நமக்குத் தெரியாததில்லை.

இனி சொல்லப்போவது கடைவீதிக் கதைக்கும் முந்தினது. கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கு. 1960களிலும் 70களிலும், நடு ஊரை ஒட்டிக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அரசாங்கம் எடுத்து இடித்தது. தெற்குப் பக்கம் மட்டும் 400 ஏக்கருக்கு மேல். அப்போது துணி கட்ட யாரும் வரவில்லை. வெஸ்லி கிராண்ட் என்ற பாதிரியார் பிற்பாடு போனதை எல்லாம் எண்ணிச் சொன்னார். 1,100க்கும் மேற்பட்ட வீடுகள், 14 மளிகைக் கடைகள், 6 அழகு நிலையங்கள், 5 முடி திருத்தும் கடைகள், 3 செருப்புக் கடைகள், 7 தேவாலயங்கள், ஒரு ஆஸ்பத்திரி. அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பாழடைந்த பகுதி என்று காகிதத்தில் எழுதின இடத்தில் 14 மளிகைக் கடை நடந்திருக்கு. சொந்த வீட்டில், சொந்தக் கடையில் இருந்த பலர் அரசாங்கக் குடியிருப்புக்கும் வாடகை வீட்டுக்கும் போனார்கள். பிறகு ஊர் விலை ஏறியபோது ஏற்றத்தில் பங்கு கேட்க அவர்கள் கையில் பத்திரம் இல்லை. 2020 ஜூலையில் நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. ஈடு செய்கிற வழிகளைத் தேடுவோம் என்றது. ஒவ்வொருவர் கையிலும் பணம் என்று அதில் சொல்லவில்லை. வீடு, தொழில், படிப்பு என்று அந்தச் சமூகத்துக்குச் செலவிடுவது பற்றித்தான் பேச்சு. இடித்த வீடு இடித்ததுதான், எங்களைக் கேட்டால்.

விலை ஏறினாலும் ஏழை அங்கேயே இருக்க ஏதாவது வழி உண்டா? ஒரு வழி அந்த நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது, ஆஷ்வில்லிலும் வந்திருக்கிறது. சமூக நில அறக்கட்டளை என்று சொல்லலாம். நிலம் அறக்கட்டளை பேரில் இருக்கும், அதை விற்க மாட்டார்கள். வீடு மட்டும் குடும்பத்தின் பேரில். நிலத்துக்கு நீண்ட காலக் குத்தகை, பெரும்பாலும் 99 வருஷம். வீட்டை விற்க நினைத்தால் விற்கலாம், ஆனால் சந்தை விலைக்கு இல்லை. முன்பே பேசி வைத்த கணக்குப்படி நியாயமான விலைக்கு, அடுத்த எளிய குடும்பத்துக்கு. விற்கிறவருக்குக் கொஞ்சம் லாபம், வாங்குகிறவருக்குக் கைக்கு எட்டுகிற விலை.

இந்த யோசனை எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம நாட்டிலிருந்து! நம் வினோபா பாவே 1951ல் பூதானம் ஆரம்பித்து, பிறகு கிராமதானம் என்று ஊர் நிலத்தை ஊருக்கே பொதுவாக்கச் சொல்லி நடந்தாரே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் 1956, 57ல் நடந்தார். அதைப் படித்தவர்கள்தான் 1969ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளோடு சேர்ந்து முதல் நில அறக்கட்டளையை உண்டாக்கினார்கள். 5,700 ஏக்கர். வறட்சி வந்தது, அரசாங்கக் கடன் நேரத்துக்குக் கிடைக்காமல் இழுத்தடித்தார்கள், 1985ல் நிலம் கை விட்டுப் போனது. ஆனாலும் அந்த முறை மற்ற ஊர்களுக்குப் பரவிவிட்டது. இங்கே மூத்தவர்கள் சிலருக்குப் பூதான நிலம் என்ற பேச்சு ஞாபகம் இருக்கும், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மதியம் தணிக்கைக்குப் போகும் முன் ஒரு வேலை தருகிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். உங்கள் கடைவீதியிலும் பஸ் நிற்கிற இடத்திலும் எத்தனை பெண்கள் தொழில் செய்கிறார்கள்? பூ, இட்லி, தையல், காய்கறி, எதுவானாலும். யார் சொந்த இடம், யார் வாடகை, யார் புறம்போக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்? எத்தனை வருஷமாக? ரசீது, பத்திரம் ஏதாவது கையில் உண்டா, யார் பேரில்? குழுவில் இல்லாத பெண்களையும் சேர்த்தே எண்ணுங்கள். தரையில் சாக்கு விரித்து விற்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்று பஞ்சாயத்துக் கூட்டமைப்பில் இருக்கட்டும், ஒன்று இங்கே அலுவலகத்துக்கு வரட்டும்.